வகுப்பே திருப்பிச் சொன்னது

கணக்கு டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. சாக்பீஸ் பிடித்த கையைத் தோளுக்கு மேலே உயர்த்தினால், அடுத்து அவள் வாயிலிருந்து வருவதை வகுப்பு மொத்தமும் திருப்பிச் சொல்ல வேண்டும். வாய்ப்பாடும் அளவைகளும் நாலாம் வகுப்புக்குள் இறங்கியது அப்படித்தான். யோசிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கக் கூடாது. கை உயர்ந்தால் வாய் திறக்க வேண்டும். அக்கம்பக்கத்து வகுப்புகள் காதைப் பொத்திக்கொண்டாலும், பரீட்சை வந்தால் நாலாம் வகுப்பு மற்ற வகுப்புகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். டீச்சருக்கு அதில் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமைதான் கடைசியில் அவள் காலை வாரிவிட்டது.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி அது. பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள். ஆசிரியர் அறையில் முக்காடு போட்ட முஸ்லிம் கணக்கு டீச்சர் ஒருத்திதான். பல வருஷமாக இருக்கிறாள், யார் வம்புக்கும் போனதில்லை. காலை அசெம்ப்ளியில் முறை வைத்து ஒவ்வொரு டீச்சராக மைக் பிடித்து ஜெபம் சொல்வார்கள். தன் முறை வந்தால் அவளும் சொல்வாள். மாட்டேன் என்று சொல்லலாம், தலைமை ஆசிரியையான மதர் வற்புறுத்த மாட்டார். ஆனால் மாட்டேன் என்று சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்க்க வைக்காமல் இருப்பதுதான் அவள் பிழைப்பின் சூட்சுமம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவனுக்குக்கூட இந்த ஜெப விஷயம் தெரியாது.

அப்படிப்பட்டவளைத்தான் ஒரு நாள் மதர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த வீட்டுக்காரங்க என்ன நம்பறாங்க, எப்படிக் கும்பிடறாங்கன்னு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும். இந்த வருஷப் பாடத்துல இருக்கு. புஸ்தகத்தைப் பார்த்து நான் நடத்தினா உப்புச்சப்பில்லாம இருக்கும். நாலாம் வகுப்புக்கு உங்க மார்க்கத்தைப் பத்தி நீங்களே ஒரு பீரியட் எடுங்க."

டீச்சர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "மதர், பெத்தவங்க யாராவது..."

"யார் என்ன சொல்லப் போறாங்க? நான் இருக்கேன்ல."

'நான் இருக்கேன்' என்ற சொல்லை டீச்சர் முன்பும் கேட்டிருக்கிறாள். டிராயிங் மாஸ்டரிடமும் மதர் அதைத்தான் சொன்னார். மாஸ்டர் பள்ளிச் சுவரில் ஏதேன் தோட்டத்தை வரைந்தார். ஆதாமுக்கும் ஏவாளுக்கும் இலை கொஞ்சம் குறைந்துவிட்டது. மரக்கடைக்காரர் வந்து பார்த்தார். பெற்றோர் சங்கத்துத் தலைவர் அவர், பள்ளிக்கு பெஞ்சு கொடுத்தவர். மதரின் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். அந்த வாரத்தோடு மாஸ்டருக்குச் சீட்டுக் கிழிந்தது. மதர் அப்போதும் இருக்கத்தான் இருந்தார்.

அந்த மரக்கடைக்காரரின் ஒரே மகள் நாலாம் வகுப்பில், முதல் பெஞ்சில்.

"நாலு பேரோட நாலு பேரா இருந்துட்டுப் போறதை விட்டுட்டு உனக்கு எதுக்கு இது?" என்றான் கணவன். "சரியா சொன்னா ஒருத்தனும் பாராட்டப் போறதில்ல. ஒரு வார்த்தை தப்பினா, பிள்ளைங்களை மதம் மாத்தறவன்னு பேரு கட்டிடுவாங்க. வேலை போனா இன்னொண்ணு தேடலாம். அந்தப் பேரு வந்தா நாம தெருவுல நடக்க முடியுமா?"

அவளுக்கும் அது தெரியாததில்லை. இப்படி ஒரு வரி ஒரு ஃபோனிலிருந்து கிளம்பினால் ஊர் ஃபோனெல்லாம் தாவும், கல் எடுப்பவன் விசாரித்துவிட்டு எடுக்க மாட்டான். ஆனாலும் மதரிடம் மறுக்கத் தைரியமில்லை. மறுத்தாலும் திரும்பிப் பார்ப்பார்களே.

வகுப்பு என்னவோ அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்து, தொழுகைக்கு முன் ஒளு எடுப்பதைச் செய்து காட்டினாள். முழங்கை வரை கை கழுவுவதைப் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நோன்பைப் பற்றிச் சொன்னபோது, "தண்ணி கூடவா குடிக்க மாட்டீங்க?" என்று ஒருவன் நம்பாமல் கேட்டான். "யாரும் பார்க்காதப்போ குடிச்சா?" என்று இன்னொருவன் உள்ளூர ஆசையோடு கேட்டான். "யாரும் பார்க்கலன்னு யார் சொன்னது?" என்றாள் டீச்சர். பிள்ளைகள் விட்டத்தைப் பார்த்தார்கள். மின்விசிறி 'டக் டக்' என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"டீச்சர், உங்களுக்கு இயேசுவைத் தெரியுமா?"

கேட்டது மரக்கடைக்காரரின் மகள். அவளைப் பள்ளி முழுக்க வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்டை அப்படி. கோரஸில் வகுப்பே சேர்ந்து கத்தினாலும் அவள் குரல் தனியாக மேலே நிற்கும். டீச்சருக்கு அந்தக் குரல் மேல் தனிப் பிரியம். வாய்ப்பாட்டில் மற்றவர்கள் சறுக்கினால் அதுதான் இழுத்துக்கொண்டு போகும்.

"தெரியும். ஈசா நபின்னு சொல்வோம். அவரோட அம்மா மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை," என்றாள் டீச்சர். அதற்கு மேல் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தாள். வெண்கலம் திருப்தியாகத் தலையாட்டினாள். டீச்சருக்கு மூச்சு வந்தது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மதரை யாரோ ஃபோனில் கூப்பிட, அவர் எழுந்து போனார். மணி அடிக்கப் போகிறது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி, கலிமா. முஸ்லிம்களின் நம்பிக்கையெல்லாம் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது, இறைவன் ஒருவனே, நபி அவனுடைய தூதர் என்று அரபியில் சொல்வார்கள், புதிதாக இந்த மார்க்கத்துக்கு வருகிறவர் இதைச் சொல்லித்தான் வருவார் என்று விளக்கினாள். "அது எப்படி இருக்கும்னு ஒரு தடவை கேளுங்க," என்று சொல்லிக் கலிமாவைச் சொன்னாள்.

சொல்லும்போது கை உயர்ந்திருந்தது. கையில் சாக்பீஸ் இருந்தது.

நாலாம் வகுப்பு ஒரு வாயாகத் திருப்பிச் சொன்னது. பிள்ளைகளின் வாய்க்குப் பழகாத அரபி, பிசிறில்லாமல் வந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே வெண்கலத்தின் குரல் ஜன்னலைத் தாண்டி வராந்தாவில் போய் மோதியது.

 வழக்கமாக டீச்சர் அடுத்த வரியைச் சொல்வாள், பிள்ளைகள் அதற்காகக் காத்திருந்தார்கள்.  டீச்சருக்கு உயர்ந்த கையை இறக்கக்கூடத் தோன்றவில்லை. கரும்பலகைக்கு மேலே சிலுவை, அதற்குக் கீழே அவள். வராந்தாவில் யாரோ செருப்புத் தேய நடந்து போனார்கள். நின்றார்களா, நிற்காமல் போனார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. மணி அடித்தது.

"எப்படிப் போச்சு?" என்று மதர் கேட்டார்.

"நல்லா போச்சு, மதர்," என்று டீச்சர் மென்று விழுங்கினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஃபோன் மணியைக் கேட்டாலே உயிர் போய் உயிர் வந்தது. கியாஸ்காரன் கூப்பிட்டாலும் மரக்கடைக்காரர்தான் என்று தோன்றும். பள்ளி வாசலில் இரண்டு அம்மாக்கள் சேர்ந்து நின்று பேசினால் இவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். ஒரு மதியம் குழாயடியில் இரண்டு பையன்கள் கைகழுவிக்கொண்டே அந்த வாக்கியத்தை விளையாட்டாகச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டு, ஓடிப்போய் அவர்கள் வாயைப் பொத்தாத குறையாக அடக்கினாள். பையன்கள் விழித்தார்கள். மறுநாள் அவர்கள் அதை மறந்துவிட்டார்கள். நாள் முழுக்க எதையாவது திருப்பிச் சொல்லும் பிள்ளைகளுக்கு அதுவும் பத்தோடு பதினொன்று.

வீட்டில் அவள் கணவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "யாரும் கேக்காத வரைக்கும் நீயா வாயைத் திறக்காதே," என்றான் பிறகு. "காலம் போனா ஆறிடும்."

ஒருத்திக்கு மட்டும் அது ஆறவில்லை.

வாய்ப்பாடு நேரத்தில் ஏதோ குறைவது டீச்சரின் காதுக்கு முதலில் பிடிபடவில்லை. பிள்ளைகள் கத்தத்தான் செய்தார்கள், ஆனால் கோரஸ் சப்பென்று இருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முதல் பெஞ்சில் வெண்கலத்தின் உதடுகள் ஒட்டிக் கிடந்தன. அசெம்ப்ளியிலும் பார்த்தாள். ஜெபத்துக்கும் அவள் வாய் அசையவில்லை, பாட்டுக்கும் அசையவில்லை.

 டீச்சர் நினைத்தது ஒன்றுதான்: குழந்தை அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

இடைவேளையில் அவளை மட்டும் நிறுத்திவைத்தாள். "ஏண்டா கண்ணு, தொண்டை சரியில்லையா?"

வெண்கலம் கதவைப் பார்த்தாள். பிறகு, அந்தத் தொண்டையிலிருந்து இப்படியும் ஒரு குரல் வருமா என்கிற மாதிரி, காற்றாகக் கேட்டாள். "டீச்சர், நான் இப்ப என்ன?"

"என்னன்னா?"

"அதைச் சொன்னா உங்க ஆளா ஆயிடுவாங்கன்னு சொன்னீங்களே. நான்தான் எல்லாரையும் விட சத்தமா சொன்னேன். கடவுளுக்கு என்னோடதுதான் முதல்ல கேட்டிருக்கும்."

அந்த இடத்தில் கணக்கு டீச்சர் உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. ஆனால் பயந்தவளுக்குக் கேள்வி காதில் ஏறாது. "அப்பாகிட்ட சொன்னியா?" என்றுதான் கேட்டாள்.

"இல்ல."

"சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே. அதெல்லாம் ஒண்ணுமில்ல, மறந்துடு."

ஒன்றுமில்லாததை எதற்கு யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு யோசிக்கத் தெரியாதா? டீச்சரின் கை நடுங்குவதை வெண்கலம் பார்த்துக்கொண்டே நின்றாள். டீச்சரே இப்படி நடுங்குகிறாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கே வரவில்லை.

வரப்போகும் ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். முதன்முதலாக நாவில் நற்கருணை அப்பம் வாங்கும் நாள், வெள்ளை உடுப்பெல்லாம் தைத்தாகிவிட்டது, பிள்ளை மட்டும் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளாம். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாராம். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சோறு இறங்கவில்லை, பேச்சு இல்லை. கணக்கு டீச்சர் கையில் இருந்த டீயைக் குடிக்காமலே கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

மரக்கடைக்காரர் வந்தது அன்று சாயங்காலம். மதர் அறைக்குப் போகவில்லை. நேராக நாலாம் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்த டீச்சர் திரும்பிப் பார்த்தாள். டஸ்டர் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"டீச்சர், ஒரு உதவி," என்றார். "எம்பொண்ணு யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேங்கறா. என்கிட்டயும் இல்ல, அவங்க அம்மாகிட்டயும் இல்ல. எப்பப் பார்த்தாலும் கணக்கு டீச்சர் கணக்கு டீச்சர்னுதான் சொல்லிட்டிருப்பா. நீங்க கேட்டா சொல்வா. கொஞ்சம் வீடு வரைக்கும் வர முடியுமா?"

வர முடியாது என்று சொல்ல ஆயிரம் சாக்கு இருந்தது. ஒன்றும் நேரத்துக்கு வாயில் வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.

கடைக்கு மேலேதான் வீடு. படியெல்லாம் மரத்தூள். கீழே அறுவை மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் காலடியில் பலகை வழியாக ஏறி அவள் பல்லைக் கூச வைத்தது. வெண்கலத்தின் அறையில் அலமாரிக் கதவில் வெள்ளை உடுப்பு, பாலிதீன் உறை போட்டுத் தொங்கியது. குழந்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மெலிந்துவிட்டாள். அம்மா தலைமாட்டிலிருந்து எழுந்து டீச்சருக்கு இடம் விட்டு, பால் காய்ச்ச உள்ளே போனாள்.

"மெஷினை நிறுத்துங்கடா," என்று மரக்கடைக்காரர் ஜன்னல் வழியாகக் கீழே குரல் கொடுத்தார். மெஷின் நின்றது. வாசலை அடைத்தாற்போல ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "கேளுங்க டீச்சர்."

அவர் வெளியே போவார் என்று அவள் நினைத்திருந்தாள். போகவில்லை. இனி மூச்சு விட்டாலும் அவர் காதில் விழும்.

டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குழந்தையின் காதருகே குனிந்தாள். "கண்ணு, என்னடா பயம்?"

வெண்கலம் பேசினாள், சுவரைப் பார்த்தபடியே, உதடு மட்டும் அசைய. "புதுநன்மைக்கு முன்னாடி ஃபாதர்கிட்ட பாவமெல்லாம் சொல்லணும். ஒண்ணை மறைச்சாலும் நன்மை வாங்கக் கூடாதாம். வாங்கினா அதைவிடப் பெரிய பாவமாம். நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க. அதான் எழுந்திருக்காம இருக்கேன். எழுந்தா கூட்டிட்டுப் போயிடுவாங்க."

டீச்சருக்கு விளங்கியது. கையை உயர்த்தியதுகூடப் பெரிய தப்பில்லை. தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு குழந்தையின் வாயைத் தைத்துவிட்டாளே, அதுதான் தப்பு.

அப்போதும் பயம் அவளுக்கு ஒரு வழி காட்டியது. நல்ல வழிதான். அப்படிப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஃபாதர் வெளியே சொல்ல மாட்டார். "ஃபாதர்கிட்ட மட்டும் சொல்லிடு," என்று கிசுகிசுத்தாள். "சொல்லலாம்னு நானே சொல்றேன். வேற யாருக்கும் தெரிய வேண்டாம்."

குழந்தை மெல்லத் திரும்பினாள். டீச்சரைப் பார்க்கவில்லை. டீச்சரின் தோளுக்கு மேலே, நாற்காலியைப் பார்த்தாள். "அப்பா என்னன்னு கேட்டா? பொய் சொல்லணுமா?"

"என்ன சொல்றா?" என்றார் மரக்கடைக்காரர்.

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். படியில் மரத்தூள் கிடந்தது, வாசலில் நாற்காலி கிடந்தது, கீழே மெஷினை நிறுத்திவிட்டு வேலைக்காரர்கள் சும்மா நிற்கிறார்கள். மதம் மாற்றுகிறவள் என்று கணவன் சொன்ன அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. யா அல்லாஹ் என்று மனதுக்குள் ஒரு முறை கூப்பிட்டுவிட்டு எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு சொல்லத் தெம்பில்லை.

"தப்பு என்னோடது சார். மதர் சொல்லி எங்க மார்க்கத்தைப் பத்தி ஒரு பீரியட் எடுத்தேன். கலிமா எப்படி இருக்கும்னு சொல்லிக் காட்டினேன். கணக்குக்குக் கை தூக்கற பழக்கத்துல கையைத் தூக்கிட்டேன். பிள்ளைங்க அத்தனை பேரும் திருப்பிச் சொல்லிட்டாங்க. இவளும் சொன்னா. அதைச் சொன்னதால மதம் மாறிட்டோமோன்னு பயந்து போய் என்கிட்ட வந்து கேட்டா. நான் உங்களுக்குப் பயந்துட்டு, யார்கிட்டயும் சொல்லாதேன்னு வாயை அடைச்சுட்டேன். அதுதான் சார் இவளுக்கு வந்த நோய்."

மரக்கடைக்காரர் எழுந்தார். எழுந்ததும் அறை சிறுத்துப் போனது. "எம்பொண்ணு வாயில..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வந்தது போய்விடும். குழந்தைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இங்க பாரு கண்ணு. அன்னைக்கு நீ கேட்டதுக்கு இப்ப பதில் சொல்றேன். எங்க மார்க்கத்துல எது செஞ்சாலும் முதல்ல நிய்யத் வேணும். நிய்யத்துன்னா, என்ன செய்யறோம்னு தெரிஞ்சு, மனசுல நினைச்சு, விரும்பிச் செய்யறது. அது இல்லேன்னா நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் நோன்பு இல்ல, வெறும் பட்டினிதான். குனிஞ்சு நிமிர்ந்தாலும் தொழுகை இல்ல, உடற்பயிற்சிதான். அன்னைக்கு நீ மனசுல என்ன நினைச்சே?"

வெண்கலம் யோசித்தாள். "டீச்சர் கையைத் தூக்கிட்டாங்கன்னு நினைச்சேன்."

"அவ்வளவுதானே. அப்ப நீ சொன்னது வாய்ப்பாடு."

"ஆனா நான் ரொம்ப சத்தமா சொன்னேன்."

"நான் மட்டும்? மைக்குல, ஸ்கூலே கேக்கற மாதிரி, உங்க ஜெபத்தை எத்தனை தடவை சொல்லியிருக்கேன். நான் மாறிட்டேனா?"

குழந்தை முக்காட்டைப் பார்த்தாள். கணக்குப் போடும்போது செய்வதுபோல் நெற்றியைச் சுருக்கினாள். "இல்ல."

"அப்ப நீ?"

உதடு பிரிந்தது. "இல்ல," என்றாள். இந்த முறை அது அறை முழுக்கக் கேட்டது.

"ஓஹோ," என்றார் பின்னாலிருந்து மரக்கடைக்காரர். அதே உயராத குரல். டிராயிங் மாஸ்டருக்குச் சீட்டுக் கிழித்த குரல். "அப்படின்னா இத்தனை வருஷமா எங்க ஜெபத்தை நீங்க சும்மா வாயாலதான் சொல்லிட்டிருந்தீங்க."

குழிக்குள் தானாகவே போய் விழுந்திருக்கிறாள் என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.  ஆனாலும் ஒரு பொய்யைச் சொல்லிக் குழந்தையை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமா சார். அந்த வார்த்தை உங்களது. அதுல என் நிய்யத் இல்ல. மாட்டேன்னு சொல்ல பயந்துட்டுச் சொன்னேன். ஆனா சொல்லும்போது எதிர்ல வரிசையா நிக்கற பிள்ளைங்களைப் பார்ப்பேன். இதுங்க எல்லாம் நல்லா இருக்கணும்னு மனசுல கேப்பேன். அது மட்டும் என்னோடது."

 உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்த வாடை வந்தது.

"அப்பா," என்றாள் வெண்கலம். எழுந்து உட்கார்ந்திருந்தாள், டீச்சரின் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "டீச்சரை அனுப்பிடாதீங்கப்பா. டிராயிங் சாரை அனுப்பின மாதிரி அனுப்பிடுவீங்கன்னுதான் நான் வாயே திறக்கல. திறந்தா அந்த விஷயம் வெளிய வந்துடும்."

மரக்கடைக்காரர் மகளைப் பார்த்தார். "என்கிட்ட சொல்ல உனக்கு அவ்வளவு பயமா?"

 அவள் டீச்சரின் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இல்லை என்று சொல்வாள் என அவர் நின்ற இடத்திலேயே காத்திருந்தார். அவள் சொல்லவே இல்லை.

டீச்சர் கிளம்பியபோது அவர் படி வரைக்கும் வந்தார். "நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வர்றேன்," என்றார். "மதர்கிட்ட நானே பேசிக்கறேன்." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் பாதிப் படி இறங்கும்போது மெஷின் மறுபடி கிறீச்சிட்டது. கைப்பிடியைப் பிடித்திராவிட்டால் உருண்டிருப்பாள்.

அன்று வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மைக்கில் ஜெபம் சொல்வதையும் சேர்த்துச் சொன்னாள், இனி மறைக்க என்ன இருக்கிறது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி போட்டுக்கொண்டான். "உனக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டான்.

"இருக்குங்க. இப்பவும் உடம்பு நடுங்குது, பாருங்க," என்று கையை நீட்டினாள். அவன் அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். 

காலையில் முதல் பீரியட் நாலாம் வகுப்பு. முதல் பெஞ்சில் வெண்கலம் உட்கார்ந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே இன்னும் கறுப்பு. டீச்சர் சாக்பீஸை எடுத்தாள். கை தோள் வரை போய் நின்றது, அதற்கு மேலே ஏறவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

வாசலில் ஆயா வந்து நின்றாள். "டீச்சர், மதர் உடனே வரச் சொன்னாங்க. மரக்கடைக்காரர் வந்திருக்காரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்னன்னு தெரியல. மதர் எவ்வளவு சொல்லியும் உட்கார மாட்டேங்கறாரு. நின்னுட்டே இருக்காரு."

அது நல்லதற்கா கெட்டதற்கா என்று டீச்சருக்குப் புரியவில்லை. கால்மேல் கால் போட்டு உட்காருகிற மனிதர் நிற்கிறார் என்பது மட்டும் மனதில் பதிந்தது. போய்த்தான் ஆக வேண்டும். திரும்பி வர முடியுமா என்று தெரியாமல் வகுப்பை ஒரு முறை பார்த்தாள். பிறகு சாக்பீஸை முதல் பெஞ்சில் வெண்கலத்திடம் நீட்டினாள்.

"நான் வர்ற வரைக்கும் ஏழாம் வாய்ப்பாடு. நீ சொல்லு, இவங்க திருப்பிச் சொல்வாங்க."

வெண்கலம் சாக்பீஸை வாங்கிக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். கையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். கையை உயர்த்தினாள்.

டீச்சர் வராந்தாவில் நடந்தாள். மதரின் அறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே நிற்கிறவரின் முதுகு தெரிந்தது. பின்னாலிருந்து ஏழாம் வாய்ப்பாடு வந்தது. முதலில் ஒற்றைக் குரல், ஜன்னலைத் தாண்டி, கணீரென்று. பிறகு வகுப்பு. ஒற்றைக் குரல், பிறகு வகுப்பு. தன் வாயும் கூடவே முணுமுணுப்பது டீச்சருக்குக் கதவருகே போனபோதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. அடுத்த வரியை மனதறிந்து, நிய்யத்தோடு, அந்தக் குழந்தைக்குப் பின்னால் திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.